நாலு பக்கம், ஒரு படகு

சென்னையிலிருந்து காலை விமானத்தில் கிளம்பி, இரண்டு மணி நேரம் சொச்சம் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து போர்ட் பிளேரில் இறங்கினேன். அரசாங்கப் பலகைகளில் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று இருக்கிறது. தங்கை வசந்தி முதல் ஆட்டோக்காரர் வரை நான் பேசிய ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. என்னுடையது அமெரிக்கக் கடவுச்சீட்டு என்பதால் வெளிநாட்டவருக்கான மேசையில் பதிவு செய்துகொண்டுதான் வெளியே வர முடிந்தது. அங்கே இருந்த பெண் ஊழியர் என் முகத்தையும் அம்பாசமுத்திரத்தில் பிறந்ததாகச் சொல்லும் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வசந்தியின் வீடு இருக்கும் லம்பா லைன் விமான நிலையத்துக்கு மிக அருகில். நடந்தே போய்விடலாம் என்று சொல்லியிருந்தாள். பெட்டிகளை வைத்துக்கொண்டு அதற்குத் துணியவில்லை. ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநரின் தகப்பனார் உசிலம்பட்டிக்காரர். இவரோ உசிலம்பட்டியை இரண்டே முறை பார்த்தவர். "மெயின்லேண்ட்ல எந்த ஊருங்க?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். அமெரிக்காவைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நூறு நூற்றைம்பது ஆகியிருக்கும் என்று பிற்பாடு வசந்தியின் கணவர் செல்வம் சொன்னார்.

செல்வம் கட்டட ஒப்பந்ததாரர். வசந்தி அரசுப் பள்ளி ஆசிரியை. வடக்கே லாங் ஐலண்ட் என்ற சிறு தீவில் வேலை. பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் அவள் அங்கே, இவர் இங்கே. நான் வருகிறேன் என்று இரண்டு நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். மதியம் சூரை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு டெண்டர் விஷயமாகத் தொடங்கிய பேச்சு ஓட்டுக்கு வந்து நின்றது.

"எங்களுக்கு ஒரு எம்.பி. உண்டு மதினி. எம்.எல்.ஏ. கெடையாது. சட்டசபையே கெடையாதுல்லா. ரோடு, தண்ணி, கப்பல் எல்லாம் ஆபீசருங்க முடிவு பண்றதுதான். பஞ்சாயத்து இருக்கு. ஆனா பெரிய முடிவு எதுவும் நம்ம கைக்கு வராது" என்றார் செல்வம்.

வசந்தி அதற்கு ஒரு எதிர்வாதம் வைத்தாள். திருநெல்வேலியில் ஒரு எம்.பி.க்கு எத்தனை லட்சம் பேர், இங்கே இந்தத் தீவுகள் முழுவதற்கும் சேர்த்தே எத்தனை லட்சம் பேர். டெல்லியைப் பொறுத்தவரை நம் ஓட்டுக்குத்தான் எடை அதிகம் என்றாள். ஒரே வீட்டில், ஒரே ஓட்டு, ஒரு கணக்கில் கனமாகவும் இன்னொரு கணக்கில் ஒன்றுமில்லாமலும் இருந்தது.

நான் என் கதையைச் சொன்னேன். ஆறு வருடம் வயோமிங் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பிறகு கலிபோர்னியாவுக்கு மாறினோம். சாமான்களை வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம் வண்டி ஓட்டிப் போனோம். வயோமிங்கில் இருப்பவர்கள் ஆறு லட்சத்துக்கும் குறைவு. கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட நான்கு கோடி. நாட்டின் மேல்சபையான செனட்டில் இரண்டு மாநிலங்களுக்கும் தலா இரண்டு இடங்கள்தான். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் மாநிலக் கணக்கில்தான் நடக்கிறது. நாடு முழுக்கக் குறைவான ஓட்டு வாங்கியவர் பதவிக்கு வந்தது இந்த நூற்றாண்டிலேயே இரண்டு முறை நடந்துவிட்டது. தலைநகர் வாஷிங்டனில் குடியிருப்பவர்களுக்கோ செனட்டில் ஓர் இடம்கூடக் கிடையாது.

"அப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு வெலையா மதினி?" என்றார் செல்வம்.

ஆமாம் என்றேன். லாரியை விட்டு இறங்கியபோது நான் அதே ஆள்தான். என் ஓட்டு மட்டும் வழியில் எங்கேயோ இளைத்துவிட்டிருந்தது.

வசந்தி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப நீ ஞாயித்துக்கெழம எங்க மீட்டிங்குக்குக் கட்டாயம் வரணும்க்கா. ஒனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும்."

மறுநாள் விடியும் முன்னே ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் போனோம். அரசுக் கப்பலில் தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. என் டிக்கெட் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. வசந்தி தன்னுடையதை என்னிடம் காட்டவே மறுத்துவிட்டாள். லாங் ஐலண்ட் வடக்கே எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கீழ்த்தளத்தில் கோழிக்கூடைகள், சிமெண்ட் மூட்டைகள், ஒரு புதிய குளிர்பதனப் பெட்டி. மேல்தளத்தில் வங்காளமும் தெலுங்கும் தமிழும் பேசிக்கொண்டிருந்தவர்கள், ஒருவரை ஒருவர் இடம் கேட்கும்போது மட்டும் இந்திக்கு மாறிக்கொண்டார்கள்.

பறவை மீன்கள் கப்பலுக்கு முன்னால் கூட்டம் கூட்டமாகத் தெறித்துக்கொண்டிருந்த நேரத்தில் வசந்தி படகுக் கதையைச் சொன்னாள்.

லாங் ஐலண்டில் சிறிய மருத்துவமனை உண்டு. பெரிய வைத்தியம் என்றால் கடலைக் கடந்து பக்கத்துத் தீவில் இருக்கும் ரங்கத் போக வேண்டும். கப்பல் வரும் நேரத்தில் நோய் வந்தால் சரி. மற்ற நேரத்துக்காக ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு டோங்கி வாங்கி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் பூட்டிய மரப்படகை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதை நிர்வகிக்க ஒரு கமிட்டி. டீச்சர் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்பதால் வசந்தி அதன் செயலாளர்.

ஊரில் நான்கு பக்கங்கள். கப்பல்துறையை ஒட்டிய ஜெட்டிப் பக்கத்தில் நூற்றைம்பது வீடுகளுக்கு மேல். நாலாப் பக்கம், மேட்டுப் பக்கம், பின்கடல் பக்கம் மூன்றையும் கூட்டினாலும் நாற்பது வீடு தாண்டாது. நாலா என்பது சதுப்பு மரங்களுக்கு நடுவே ஊருக்குள் நுழையும் உப்போடை. கமிட்டியில் பக்கத்துக்கு ஓர் ஓட்டு. ஆகவே நாற்பது வீடு சொல்வதுதான் எப்போதும் நடந்தது. படகைக் கட்டி வைப்பது நாலாவில்தான். ஓட்டுகிறவரும் நாலாப் பக்கத்தவர். விதியை மாற்ற வேண்டுமென்றால் நான்கு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"இப்படி ஒரு விதியை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

எழுதும்போது எல்லாரும் மனமறிந்துதான் எழுதினார்கள் என்றாள் வசந்தி.

நண்பகலுக்குக் கப்பல் துறையைத் தொட்டது. கார் இல்லாத ஊர். சிமெண்ட் நடைபாதையில் பாக்கு மரங்களின் நிழலில் நடந்து ஆசிரியர் குடியிருப்பை அடைந்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. இந்தியாவின் கடிகாரமும் இந்தத் தீவுகளின் சூரியனும் ஒத்துப்போவதில்லை.

சனிக்கிழமை காலை நாலாப் பக்கம் போய் சரோஜாவைப் பார்த்தோம். மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். கமிட்டியில் அந்தப் பக்கத்தின் ஓட்டு இவருடையது. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு சரோஜா இங்கே வந்துவிட்டார். கணவர் பீட்டர், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்த குடும்பம். கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடிமேல் அசையாமல் கிடந்தது. இடது கையைத் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னார்.

தேநீர் கொடுத்துவிட்டு சரோஜா அந்தக் கையின் கதையைத் தானாகவே சொன்னார். இந்தப் படகு வருவதற்கு முன்னால் ஜெட்டிப் பக்கத்தாரிடம் ஒரு பொதுப்படகு இருந்ததாம். பீட்டர் ஒருநாள் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் ஜெட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படகு இல்லை. ஒரு கல்யாணத்துக்குச் சாமான் வாங்க அனுப்பியிருந்தார்கள். அடுத்த நாள்தான் திரும்பியது. உயிர் தப்பியது, கை தப்பவில்லை. பேச்சும் பல மாதங்கள் கழித்துத்தான் வந்தது.

"யாரும் வேணும்னு செய்யல அக்கா. எங்கள நெனைக்கவே இல்ல. அதான் எனக்குப் பெருசு" என்றார் சரோஜா.

அதன் பிறகு புதிய படகுக்குப் பணம் திரட்டியபோது சிறிய பக்கங்கள் மூன்றும் ஒரே நிபந்தனை வைத்தன: பக்கத்துக்கு ஓர் ஓட்டு, இல்லாவிட்டால் நாங்கள் சேரவில்லை. ஜெட்டிப் பக்கம் ஒத்துக்கொண்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அமெரிக்காவில் சிறிய மாநிலங்கள் முதன்முதலில் ஒன்றிணையச் சம்மதித்ததும் இப்படிப்பட்ட ஒரு பேரத்தில்தான். குடியுரிமைத் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தப் பேரத்துக்குப் பின்னால் மடிமேல் கிடக்கும் ஒரு கை இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் கூட்டம். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உள்ளே இடம் இல்லாமல் பலர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பேச்சு பெரும்பாலும் இந்தியில் நடந்தது. என் இந்தி அரைகுறை. தமிழில் பேசத் தெரிந்தவர்கள் எனக்காக அவ்வப்போது தமிழுக்கு வந்தார்கள்.

வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று விதியை மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் ஜெட்டிப் பக்கத்து கணேசன். ராமநாதபுரத்துக்காரர், மீன் வியாபாரி. அவருக்கும் ஒரு கதை இருந்தது. போன மழைக்காலத்தில் அவர் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. படகு நாலாவில், கடல் வற்றிய நேரம். சேற்றில் அமர்ந்துவிட்ட படகை வெளியே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. ரங்கத் பக்கத்துத் துறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கடலிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பெண் குழந்தை இப்போது கூடத்தின் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் அன்றைக்கு இடுப்பளவு சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளியவர்களும் நாலாப் பக்கத்தார்தான். படகில் கூடவே போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கியவர் சரோஜா.

கணேசன் கோபமாகப் பேசவில்லை. ஆனால் விடவும் இல்லை. நூற்றைம்பது வீடு கேட்டு ஒன்றும் நடக்காது என்றால் நாங்கள் எதற்குக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்றார். பின்கடல் பக்கத்துப் பெரியவர் எழுந்து, தலையை எண்ண ஆரம்பித்தால் எங்கள் ஏழு வீட்டை எவன் எண்ணுவான் என்று இந்தியில் கேட்டார். இருவர் பேச்சுக்கும் கைதட்டல் விழுந்தது. இப்படியே ஒரு மணி நேரம் போனது.

அப்போதுதான் கணேசன் என் பக்கம் திரும்பினார். "டீச்சரோட அக்கா அமெரிக்காவுல இருக்காங்க. அங்கெல்லாம் தலைக்கு ஒரு ஓட்டுத்தானுங்களே? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எழுந்து நின்றேன். அவர் எதிர்பார்த்ததை என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். அங்கேயும் இதே மாதிரிதான், நாற்பது வீடு பெரிய ஊரை ஆளும் ஏற்பாடு. சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் செனட்டில் சமமான இடம். அதைப் பறிக்க வேண்டுமென்றால் அந்தச் சிறிய மாநிலமே சம்மதிக்க வேண்டும். இருநூறு வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது. வசந்தி இந்தியில் சொல்லி முடித்ததும் கூடம் முழுக்கச் சிரித்தது. கணேசனும் சிரித்துவிட்டார்.

சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. "சின்ன ஊருங்க அந்த ஓட்ட வச்சு என்ன பண்ணுதுங்க அக்கா?" என்று கேட்டார்.

யோசித்துத்தான் பதில் சொன்னேன். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவும் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்களுக்கு வேண்டியதைத் தடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரிவதில்லை என்றேன்.

சரோஜா கணவரைப் பார்த்தார். பீட்டர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, இந்தியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் அமைதியாகக் காத்திருந்தார்கள். கணேசனின் மகள் படகுக்காகக் காத்திருந்து கத்தியது நாலா வரைக்கும் கேட்டது, அது இன்னும் தன் காதில் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது.

சரோஜா எழுந்தார். முதலில் இந்தியில் சொன்னார்; பிறகு கணேசனைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எங்க கையில இருந்த ஓட்டு படகுக்காக இல்ல. இவர அன்னிக்கு யாரும் நெனைக்கலியே, அந்த பயத்துக்காக. எந்தப் பக்கத்துலேர்ந்து நோயாளின்னு ஃபோன் வந்தாலும் படகு ஒடனே போகணும். அதுக்கு ஓட்டே கெடையாது. கல்யாணம், சாமான்னு யாரும் அத எடுக்கக் கூடாது. அத மாத்தணும்னா நாலு பக்கமும் சரின்னு சொல்லணும். அத மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்த வீட்ட எண்ணியே முடிவு பண்ணிக்குங்க. அவ்வளவுதான்."

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேட்டுப் பக்கம் விரைவில் ஒத்துக்கொண்டது. பின்கடல் பெரியவர் சுலபத்தில் மசியவில்லை. டீசல் செலவில் தங்கள் பங்கு என்ன என்று கேட்டார். அதற்கு அன்றைக்கு விடை கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கடைசியில், படகு ஓட்டுபவரை வேலையை விட்டு எடுப்பதில்லை என்று ஜெட்டிப் பக்கம் வாக்குக் கொடுத்த பிறகு, அவரும் கையைத் தூக்கினார். முழு மனதோடு தூக்கினார் என்று சொல்ல மாட்டேன். தோளுக்கு மேல் கை போகவில்லை. வசந்தி அதையும் எண்ணிக்கொண்டாள்.

உடனே புதிய விதிப்படி முதல் ஓட்டு. படகை எங்கே கட்டுவது? வீட்டுக்கு ஒரு கை. ஜெட்டிப் பக்கம் கைகள் காடு மாதிரி எழுந்தன. நாலா வேண்டும் என்று சரோஜாவும் இன்னும் இருபது பேருக்குச் சற்றுக் கூடுதலானவர்களும் கை தூக்கினார்கள். இத்தனை வருடங்களில் சரோஜா அந்தக் கூடத்தில் தோற்றது அதுதான் முதல் முறை என்று வசந்தி என் காதில் சொன்னாள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணேசனிடம் சொன்னார்: "ஜெட்டியில மேக்காத்து நேரா அடிக்கும். ரெண்டு கயிறு போடணும். நங்கூரம் எங்க கடையில கெடக்கு. காலையில ஆள அனுப்புங்க, தாறேன்."

கணேசன், தானே வருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை திரும்புகிற கப்பலுக்காகத் துறைக்கு வந்தபோது படகு அங்கே வந்து சேர்ந்திருந்தது. நீல வண்ணம், பக்கவாட்டில் வெயிலில் வெளுத்துப்போன பூ ஓவியம். கப்பலின் அலையில் அது ஜெட்டித் தூணில் மோதாமலிருக்க இரண்டு பேர் பழைய டயர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜெட்டிப் பக்கம், ஒருவர் நாலாப் பக்கம் என்றாள் வசந்தி. அவள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

மேல்தளத்தில் உட்கார்ந்து தீவு பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வீட்டையும் இரண்டு மாநிலங்களையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே பணமும் கட்சிகளும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. பேசித் தீர்க்கிற ஒரே கூடத்துக்குள் அந்த நாட்டை அடைக்க முடியாது. ஆனாலும் கலிபோர்னியாவில் என் நண்பர்கள் இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம், அதிக எடை உள்ளவன் ஒருபோதும் அதை விட்டுத்தர மாட்டான் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வோம். விட்டுத்தந்த ஒருவரை முந்தைய நாள்தான் பார்த்தேன். அவர் தியாகம் செய்யவில்லை. தனக்கு நிஜமாகவே வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்து, அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றதில் தோற்கவும் தயாராக இருந்தார்.

வயோமிங்கில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர். குளிர்காலத்தில் சாலை மூடிவிட்டால் ஆம்புலன்ஸ் வராத பண்ணை வீடுகளில் இருப்பவர்கள். தூரத்துப் பெரிய நகரங்களுக்குத் தாங்கள் நினைவிலேயே இல்லை என்று அவர்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தலையை எண்ணலாமா என்று அவர்களிடம் கேட்க முடியும். முதல் பதில் கூடாது என்பதாகத்தான் இருக்கும். பின்கடல் பெரியவர் சொன்ன முதல் பதிலும் அதுதான்.

கப்பல் திரும்பித் தெற்கே முகம் வைத்தது. பக்கத்தில் நின்றிருந்த வங்காளிப் பெண் தன் பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், எங்கே போகிறீர்கள் என்று இந்தியில் விசாரித்தார். அமெரிக்கா என்று சொன்னதும், அங்கே தேர்தல் எப்படி நடக்கும் என்று கேட்டார். நகர்ந்து உட்கார்ந்து அவருக்கும் இடம் கொடுத்துவிட்டு, என் அரைகுறை இந்தியில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.